கொழும்பு உள்ளே இருந்த மறுநாள்

பதுளையிலிருந்து வரும் பஸ் தெமோதரையைத் தாண்டி எங்கள் தோட்டத்துச் சந்தியில் நிற்கும். மழை நாளில், குடையை விரிப்பதற்கு முன்பே கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் இறங்கினால் அது சுதர்ஷினி மிஸ்தான். தலை நனையலாம், பை நனையக்கூடாது. உள்ளே ஒரு திருப்புளி, இரண்டு பென் டிரைவ், ஒரு பழைய கீபோர்ட், மத்தியானச் சோற்றுப் பார்சல். எங்கள் கம்பெனிக்கு ஊவாவில் எட்டுத் தோட்டங்கள். அந்த எட்டு ஆபீஸ்களிலும் கணினி நின்றுபோனால் பதுளை வட்டார ஆபீசிலிருந்து வந்து பார்ப்பவர் அவர் ஒருவர்தான். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் மட்டும் இன்னும் 'தட்டச்சாளர்' என்றே இருக்கிறது.

நான் அந்த ஆபீசில் கொழுந்து நிறை பதிகிறவன். கணினி மேசைக்கு எதிர் மேசை. அதிகம் பேசமாட்டேன் என்பதால் என் முன்னால் மற்றவர்கள் தாராளமாகப் பேசுவார்கள். சுதர்ஷினி மிஸ்ஸும் அப்படித்தான். ஆனால் அவர் தன்னைப் பற்றிப் பேசுவது கணினி அணைந்து மறுபடி திறக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும். திரையில் வட்டம் சுற்றும்வரை பேசுவார். வட்டம் நின்றதும், பாதி வாக்கியமாக இருந்தாலும் விட்டுவிடுவார். அடுத்த பாதி சில வேளை ஒரு மாதம் கழித்து, அடுத்த கோளாறின்போது வரும்.

அப்படித் துண்டு துண்டாகக் கேட்டதைச் சேர்த்துப் பார்த்தால் இவ்வளவுதான். பிறந்தது பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை, அம்மா மலையில். பதுளையில் உயர்தரம் வரை படித்தார், கலைப்பிரிவு. பரீட்சை எழுதிய கையோடு பஸ் நிலையத்துப் பக்கம் ஹபீஸ் நானாவின் கொமியூனிகேஷன் கடையில் சேர்ந்தார். போட்டோ கொப்பி எடுப்பது, வேலை விண்ணப்பம் அடிப்பது, வெளிநாட்டுக்குப் போனவர்களோடு அம்மாமார் பேச வீடியோ பிடித்துக் கொடுப்பது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், "தங்கச்சி, என் ஈமெயில் தொறக்கல" என்றுதான் வருவார்களாம்.

"அங்கதான் தம்பி படிச்சேன்" என்றார் ஒரு நாள். "மெஷின் பொய் சொல்லாது. மனுசங்களும் பொய் சொல்றதில்ல. என்ன செஞ்சோம்னு அவங்களுக்கே தெரியாது, அவ்வளவுதான்."

வட்டம் நின்றுவிட்டது. பேச்சும் நின்றது.

பிறகு கம்பெனி வட்டார ஆபீசில் தட்டச்சு வேலை. கணினி பார்த்துக்கொண்டிருந்த பையன் கட்டாருக்குப் போனான். அவன் கதிரை மூன்று மாதம் காலியாக இருந்தது. ஹப்புத்தளைப் பக்கத்து ஆபீசில் ஏதோ திறக்கவில்லை என்று அழைப்பு வந்தபோது, "நான் போய்ப் பாக்கவா சார்?" என்று கேட்டிருக்கிறார். அன்று போனவர்தான், இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறார். அந்தக் கதிரைக்கு வேறு யாரும் வரவில்லை, இவருக்கு வேறு பெயரும் கொடுக்கவில்லை.

எங்கள் ஆபீசுக்கு முதல் தடவை வந்தபோது தொழிற்சாலை டீமேக்கர் ஐயா வாசலில் நின்று, "பதுளையில ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

"இருந்தாங்க ஐயா. அவங்க முன்ன வந்து பாத்துட்டுப் போனாங்களே. அதனாலதான் இப்ப நான் வந்திருக்கேன்."

டீமேக்கர் ஐயாவின் கணினியையும் அன்றே சரி செய்துவிட்டுத்தான் போனார். அதன்பிறகு ஐயா அவர் வந்தால் தொழிற்சாலையிலிருந்து நல்ல தேத்தூள் ஒரு சரை கட்டி அனுப்புவார்.

கொழும்புத் தலைமை ஆபீஸ் இப்போதெல்லாம் ஆள் அனுப்புவதில்லை. போனில் ஒரு சொல் சொல்லிவிட்டு, அங்கிருந்தபடியே நம் கணினிக்குள் வந்துவிடுகிறார்கள். வந்ததும் நம் திரை பூட்டிக்கொள்ளும். உள்ளே ஏதோ நடக்கும், நமக்குத் தெரியாது. எங்கள் ஆபீசில் இதற்கு ஒரு மரியாதை உண்டு. "கொழும்பு உள்ள இருக்கு" என்றால் யாரும் அந்த மேசைக்குக் கிட்டப் போகமாட்டார்கள். கதிரையைக்கூட இழுக்கமாட்டார்கள். கொழும்பு வெளியே போய்விட்டதா என்று கேட்கவும் மாட்டார்கள், பெரிய இடத்தைக் கேள்வி கேட்பதுபோல் ஆகிவிடும் என்று.

இந்த மரியாதையால் வந்த கோளாறுகள்தான் சுதர்ஷினி மிஸ்ஸுக்குப் பாதி வேலை. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழும்பு வந்துபோன பிறகு திறப்புத் திரையில் கொழும்பு ஐயாவின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. அங்கிருந்த கிளாக்கர் அந்தப் பெயருக்குக் கீழே தன்னுடைய பாஸ்வேர்டை மூன்று நாள் அடித்திருக்கிறார். மூலையில் 'வேறு பயனர்' என்று இருப்பதை அமத்தினால் போதும்.

"ஏங்க அத அமத்தல?" என்று மிஸ் கேட்டாராம்.

"ஐயா பேரு இருக்குங்க மிஸ். அத எப்படி நாம எடுக்கிறது?"

இதை எங்களிடம் சொன்னபோது மிஸ் சிரிக்கவில்லை. சிரித்தது விஜயலெட்சுமி அக்காதான். மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்த ஐப்பசியில் அவருக்கும் ஒரு நாள் வந்தது.

விஜயலெட்சுமி அக்கா எங்கள் ஆபீசின் இரண்டாம் கிளாக்கர். அந்த வருடம் மேல்பிரிவு மலையில் வெடிப்பு விழுந்து, ஆய்வுக்கு வந்தவர்கள் நான்கு லயங்களுக்குச் சிவப்பு அடையாளம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்த லயங்களில் இருக்கிற குடும்பங்களை வேறு இடத்தில் குடியேற்றுவதற்குப் பெயர்ப்பட்டியல் கேட்டிருந்தது பிரதேச செயலகம். குறித்த நாளில், பின்நேரம் மூன்று மணிக்குள், தோட்டத்து மேனேஜர் தொரையின் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாத குடும்பம் முதல் கட்ட வீடுகளில் இல்லை. அடுத்த கட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. வெடிப்பு மட்டும் ஒவ்வொரு மழைக்கும் ஒரு விரல் அகலுகிறது.

தோட்டத்துப் பெயர்ப்பதிவில் உள்ள அறுபத்தொரு குடும்பங்களை அக்கா மற்ற வேலைகளுக்கு நடுவே மூன்று நாளில் அடித்து முடித்தார். ஆனால் அந்த லயங்களில் ஏழு குடும்பங்கள் பதிவில் இல்லை. ஓய்வு பெற்றவர்கள், டவுனில் கடைக்கு வேலைக்குப் போகிறவர்கள், கணவனை இழந்து திரும்பி வந்தவர்கள். தோட்டத்தில் பெயர் இல்லை, ஆனால் கூரை அதே கூரைதான். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து சொன்னார்கள். அக்கா அவர்கள் சொல்லச் சொல்ல நேரே கணினியில் அடித்தார். துண்டில் எழுதி வைக்கவில்லை. கடைசிக் குடும்பத்தை அடித்து முடிக்கும்போது போன் வந்தது. கொழும்பு. கொழுந்துப் பதிவுக்குப் புது புரோகிராம் போட வேண்டும், பாஸ்வேர்டைச் சொல்லுங்கள், கணினியை அப்படியே விடுங்கள். அக்கா சொன்னார், விட்டார். எழுந்து போய் வேறு கதிரையில் அமர்ந்துகொண்டார்.

இரண்டரைக்கு மேல் வானம் இருண்டது. நல்லையா அண்ணன் எங்கள் ஆபீசின் பியோன். முதல் இடி கேட்டதும் எழுந்து போய், சுவரிலிருந்து எல்லா வயர்களையும் பிடுங்கினார். இது எங்கள் ஆபீசின் பழைய வழக்கம். சில வருடத்துக்கு முன் ஒரு மின்னல் இரண்டு கணினியையும் டெலிபோனையும் ஒன்றாகப் பொசுக்கிப்போட்ட நாளிலிருந்து, இடியைக் கேட்டால் நல்லையா அண்ணனின் கை தானாகவே சுவருக்குப் போகும். கொழும்பு உள்ளே இருக்கும்போது கணினியைத் தொடக்கூடாது என்பது ஒரு சட்டம். இடி இடித்தால் வயரைப் பிடுங்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். இரண்டும் ஒரே நேரத்தில் வந்த முதல் நாள் அது. யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

மறுநாள் காலை ஏழரைக்கு அக்கா கணினியைத் திறந்தார். அன்றுதான் மூன்று மணிக் கெடு.

ஒன்பது மணிக்கு அவர் பதுளைக்கு எடுத்த போனை நான் எதிரில் இருந்து கேட்டேன். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்திருந்தார்.

"மிஸ், நேத்து கொழும்பு உள்ள வந்தாங்க. இன்னிக்குப் பாத்தா ஒண்ணுமே இல்ல. எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க போல."

"பாஸ்வேர்ட் எடுத்துக்கிச்சா அக்கா?"

"எடுத்துக்கிச்சு. பொறகு ரொம்ப நேரம் சுத்திச்சு. சுத்தி முடிஞ்சா வெறும் நீலத் தெரை. கதிர்காமத்து முருகன் படம் போட்டிருந்தேனே, அதுவும் இல்ல."

"முருகனும் இல்லையா?"

"இல்ல மிஸ்."

"ஓரத்துல சின்னதா ஒரு அறிவித்தல் வந்திருக்குமே?"

"வந்திச்சு. மூடிட்டேன். தெனமும் ஏதாச்சும் வந்துகிட்டுத்தானே இருக்கு."

"சரி. அதுக்குப் பொறகு என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்ய? பதிவப் பாத்து மொதல்ல இருந்து அடிச்சிக்கிட்டு இருக்கேன். முப்பது குடும்பம் ஆயிருச்சு. ஆனா அந்த ஏழு பேரோட விவரம் என்கிட்ட இல்லயே. இப்ப திரும்ப அவங்களத் தேடினா, ரெண்டு பேரு டவுனுக்கு வேலைக்குப் போயிட்டாங்க, ஒருத்தர் பதுளை ஆஸ்பத்திரியில…" அக்கா நிறுத்தி மூச்சு விட்டார். "கொழும்பு ஐயாகிட்ட சொன்னேன். லொக் ஓஃப் பண்ணிட்டுத் திரும்ப வாங்கன்னாரு. அப்பயும் வராட்டி என்னோட பேரையே அழிச்சிட்டுப் புதுசா போட்டுத் தாறேன்னாரு. பத்து மணிக்கு உள்ள வாறேன்னாரு."



"அக்கா, இப்ப உங்க கை எங்க இருக்கு?"

"மவுஸ்ல."

"எடுத்து மடியில வச்சுக்குங்க. லொக் ஓஃப் பண்ணாதீங்க. அணைக்காதீங்க. நான் வாறேன்."

"பத்து மணிக்குக் கொழும்பு வந்தா? வேணாம்னு எப்படி மிஸ் சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். மெஷினுக்குப் பின்னால நீல வயர் ஒண்ணு இருக்கும், அது வழியாத்தான் கொழும்பு உள்ள வரும். நல்லையா அண்ணனக் கூப்புட்டு அத மட்டும் கழட்டச் சொல்லுங்க. அந்த ஒண்ணு மட்டும்."

நல்லையா அண்ணன் வந்தார். வயர் பிடுங்கச் சொல்லி மேலிடத்திலிருந்தே உத்தரவு வந்தது அதுவே முதல் தடவை. மிக மெதுவாக, முள்ளெடுப்பதுபோல் கழற்றினார்.

அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் அக்கா கணினி முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரை இருண்டால் மட்டும் ஒரு விரலால் மவுஸைத் தொட்டு எழுப்பினார். ஒன்பதரைக்கு அவருக்கு வந்த ஒரு வேலையை மட்டும் என்னால் தடுக்க முடியவில்லை. ஜன்னலுக்குத் தயானி வந்து நின்றாள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண். பிரசவத்துக்காகத் தாய்வீட்டு லயத்துக்கு வந்து, கணவன் வராமலே போனதில் அங்கேயே தங்கிவிட்டவள். தோளில் இருபது நாள் குழந்தை. கையில் ஆஸ்பத்திரி அட்டை.

"பேரு குடுக்க இன்னிக்குத்தான் கடைசி நாளாமே அக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அடிக்க வேண்டாம் என்று மிஸ் சொல்லவில்லை, அணைக்க வேண்டாம் என்றுதான் சொன்னார். அக்கா காலையில் அடித்த முப்பதுக்குக் கீழே தயானியின் குடும்பத்தை அடித்தார். ஏழு எட்டாகிவிட்டது.

பதினொன்றேகாலுக்கு மிஸ் வந்தார். செருப்பை வாசலில் விட்டு, பையைத் துடைத்து, கதிரையில் உட்காராமல் நின்றபடியே கேட்டார்: "நேத்து யாரு என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலங்க" என்றார் பெரிய கிளாக்கர்.

"நான் அந்தப் பக்கமே போகல. கொழும்பு உள்ள இருந்திச்சே" என்றார் அக்கா.

"நல்லையாண்ணே?"

"நானா? கம்பியூட்டர நான் தொட்டதே இல்ல மிஸ். வயரத்தான் புடுங்குனேன்."

"எப்ப?"

"இடி இடிச்சப்ப."

மிஸ் அவரைத் திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். பெரிய கிளாக்கர் அதற்குத் தயாராகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மிஸ் தலையை மட்டும் ஆட்டினார். "அப்ப கொழும்பு உள்ள இருக்கும்போதே கூரை விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

முதலில் காலையில் அடித்ததைப் பென் டிரைவில் எடுத்தார். எடுத்த பிறகு அதைப் பையில் போடாமல் அக்காவின் கையிலேயே கொடுத்தார்.

"இது மெஷினுக்குள்ள உங்க பேர்ல இருக்கிற அறை இல்ல அக்கா. பாஸ்வேர்ட் சரி, ஆனா நேத்து அணைக்காம வயரப் புடுங்குனதுல உங்க அறையத் தொறக்க முடியாம விருந்தாளி அறையில விட்டிருக்கு. இங்க வச்சதெல்லாம் நீங்க லொக் ஓஃப் பண்ணுன அந்த நிமிசம் கூட்டித் தள்ளிப்போடும். அந்த அறிவித்தல் அதத்தான் சொல்லியிருக்கும்."

"அப்ப என்னோட அறை?"

"இருக்கு. பாருங்க."

தன்னுடைய பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்து உள்ளே ஓர் இடத்தைத் திறந்தார். அக்காவின் பெயரில் ஒரு கோப்புறை. அதற்குள் முருகன் படம், பழைய கடிதங்கள், பட்டியல். அக்காவுக்கு மூச்சு வந்தது. பட்டியலைத் திறந்தார் மிஸ். அறுபத்தொன்று. அதற்குக் கீழே வெறும் கட்டங்கள்.

"கடைசியா எப்ப சேமிச்சீங்க?"

கடைசியாகச் சேமித்தது முந்தாநாள் மாலை. ஏழு குடும்பங்களையும் அடித்தது நேற்று. சேமிக்குமுன் போன் வந்தது, எழுந்துவிட்டார்.

இவ்வளவு வருடம் பழகியதில் சுதர்ஷினி மிஸ்ஸின் கை தயங்கி நான் பார்த்தது அப்போது மட்டும்தான். கீபோர்டின் மேல் விரல்கள் கொஞ்ச நேரம் சும்மா நின்றன. பிறகு சொன்னார்: "நாம சேமிக்காட்டியும் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா அது தானா ஒரு நகல் எடுத்து ஒளிச்சு வைக்கும். அது உங்க அறைக்குள்ளதான் இருக்கணும். நீங்க உங்க பேர்ல உள்ள போனா, அதுவா எடுத்து நீட்டும். கொழும்பு உங்க பேர அழிச்சிருந்தா அதுவும் சேந்து போயிருக்கும்."

"இருக்குமா மிஸ்?"

"தெரியாது அக்கா. பாப்போம்."

தெரியாது என்று அவர் சொன்னதில்தான் அக்காவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது என்று நினைக்கிறேன். கொழும்பு எப்போதும் தெரியும் என்றே சொல்லும்.

வேலை மெதுவாக நடந்தது. அக்காவின் பழைய அறையை முழுவதும் ஒரு தடவை நகல் எடுக்க வைத்தார். அது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. எல்லோரும் சாப்பிட்டோம். மிஸ் பார்சலை மடியில் வைத்துத் திரையைப் பார்த்தபடியே சாப்பிட்டார். அப்போதுதான் தன் மகளைப் பற்றிச் சொன்னார். ஐந்தாம் வகுப்பு. 'அம்மாவின் தொழில்' என்று பாடசாலையில் எழுதச் சொன்னதற்கு, 'கதவு திறப்பவர்' என்று எழுதியிருக்கிறாள். "டீச்சர் கூப்புட்டுக் கேக்குறாங்க, நீங்க ஹோட்டல்லயா வேல செய்றீங்கன்னு."

நகல் முடிந்தபோது ஒரு மணி தாண்டியிருந்தது. மிஸ் கணினியின் அடிவயிற்றில், யாருக்கு எந்த அறை என்று குறித்திருக்கும் ஒரு பட்டியலைத் திறந்தார். அதில் அக்காவுக்கு இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்று விருந்தாளி அறைக்குப் போகிறது. மற்றது பழைய அறைக்குப் போகிறது, ஆனால் அதன் வாலில் மூன்று எழுத்து ஒட்டி அதைச் செல்லாததாக்கியிருந்தது. புதியதை விலக்கி, பழையதன் வாலை வெட்ட வேண்டும்.

அப்போது தூரத்தில் இடி உருண்டது. நல்லையா அண்ணன் எழுந்தார்.

"ஐயோ, அண்ணே!" என்றார் அக்கா.

"மெஷின் எரிஞ்சா லிஸ்டும் சேந்துதான் எரியும் தங்கச்சி" என்றார் அவர், சுவரை நோக்கி நடந்தபடி. அதுவும் சரிதான்.

மிஸ் திரும்பாமலே கேட்டார்: "நல்லையாண்ணே, இடி இப்ப எங்க இருக்கு?"

அவர் நின்றார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். மின்னியது. உதடு அசைய எண்ணினார். உருண்டது.

"ஆத்துக்கு அந்தப் பக்கம். காத்து இப்பத்தான் திரும்புது. நம்ம மலைக்கு வர இருவது நிமிசம் ஆகும்."

"அங்கயே நில்லுங்க. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா சொல்லுங்க. கிட்ட வந்துட்டா வந்துட்டுதுன்னு சொல்லுங்க, நானே மெஷின அணைச்சுத் தாறேன். பொறகு புடுங்கலாம். அணைக்காம புடுங்கக்கூடாது, சரியா?"

"சரிங்க மிஸ்."

மிஸ் வாலை வெட்டினார். கணினியை மறுபடி தொடக்கினார். வட்டம் சுற்றியது. அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. அக்கா தன் பாஸ்வேர்டை அடிக்கையில் இரண்டு தடவை பிழையானது. மூன்றாம் தடவைக்கு முன் மிஸ் அவருடைய கையைப் பிடித்து, "தண்ணி குடிங்க" என்றார். குடித்தார். அடித்தார்.

"பதினஞ்சு" என்றார் ஜன்னலிலிருந்து நல்லையா அண்ணன்.

முருகன் வந்தார். அக்கா கும்பிடவில்லை. நேரே பட்டியலைத் திறந்தார். திரையின் இடப்பக்கம் ஒரு பட்டை விரிந்தது. மீட்கப்பட்ட நகல் என்று ஒரு வரி, நேற்றைய திகதி, கொழும்பு உள்ளே வருவதற்குச் சற்று முன்பான நேரம்.

மிஸ் அதை அமத்தினார். அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று… அக்கா விரலை வைத்து எண்ணினார். அறுபத்தெட்டாவது குடும்பத்தில் கடைசி ஆளின் அடையாள அட்டை இலக்கம் மட்டும் பாதியில் நின்றது. நகல் எடுத்த அந்த நொடியில் அக்கா அதை அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அது யாரோடது?"

"ஆஸ்பத்திரியில இருக்கிறவரு."

பெரிய கிளாக்கர் அதற்குள் போனை எடுத்திருந்தார். அந்த வீட்டு அயலில் ஒருவர் பேசினார், அவர் ஓடிப்போய் வீட்டில் கேட்டு, மீதி இலக்கங்களைச் சொன்னார். அக்கா அடித்தார். சேமித்தார். மறுபடியும் சேமித்தார்.

"பத்து. இல்ல, வேகமா வருது. எட்டு."

பென் டிரைவிலிருந்து தயானியின் குடும்பத்தை எடுத்துக் கீழே வைத்தார் மிஸ். அறுபத்தொன்பது. அச்சு இயந்திரம் பழையது. ஒவ்வொரு தாளையும் யோசித்து யோசித்துத்தான் துப்பும். நான்கு தாள்கள். மூன்றாவது வரும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நல்லையா அண்ணன் சுவர்ப்பக்கம் போய் வயரில் கையை வைத்துக்கொண்டு மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் நான்காவது தாளைப் பார்த்தார். தாள் முழுவதும் வெளியே வந்து தட்டில் விழுந்தது. அவர் கணினியை முறைப்படி அணைத்து, விளக்கு நிற்கும்வரை காத்திருந்து, தலையசைத்தார்.

பிடுங்கிய அடுத்த நிமிடம் மின்னலில் மலை வெளுத்தது. ஆபீஸ் இருட்டில், அக்கா நான்கு தாள்களையும் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றார்.

தொரை கையெழுத்துப் போட்டார். சந்தியில் வாடகைக்கு ஓட்டும் அஜந்தனின் த்ரீவீலில், கொட்டுகிற மழையில், அக்கா பிரதேச செயலகத்துக்குப் போனார். போவதற்கு நாற்பது நிமிடம். நாங்கள் காத்திருந்தோம்.

அந்த நேரத்தில் மிஸ் தன் கைத்தொலைபேசியில் கொழும்புக்கு எடுத்தார். சிங்களத்தில், தணிந்த குரலில் பேசினார். அடுத்த தடவை கிளாக்கரின் பெயரில் வராமல் உங்கள் சொந்தப் பெயரில் வாருங்கள் சார். வேலை முடிந்தால் மூடிவிட்டு மட்டும் போகாமல் லொக் ஓஃப் செய்துவிட்டுப் போங்கள். போகிறோம் என்று ஒரு போன் எடுத்துச் சொல்லுங்கள், இங்கே நீங்கள் போகும்வரை யாரும் தொடமாட்டார்கள். பிறகு, ஐப்பசி கார்த்திகையில் பின்நேரங்களில் வராதீர்கள்.

"ஏன்?" என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே கேட்டது.

"இங்க இடி இடிக்கும் சார்."

கொழும்பு ஐயா சிரித்தார் போலிருக்கிறது. மிஸ் சிரிப்பு முடியும்வரை காத்திருந்து, அதே நான்கையும் முதலிலிருந்து மறுபடி சொன்னார். இம்முறை அங்கே சிரிப்பில்லை.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அக்காவின் அழைப்பு வந்தது. பெரிய கிளாக்கர் ஸ்பீக்கரில் போட்டார்.

"வாங்கிட்டாங்க. சீல் அடிச்சிட்டாங்க. ஒரு ஐயா மட்டும் கேட்டாரு, கடைசி எட்டுக் குடும்பத்துக்கும் தோட்டத்துப் பதிவு நம்பர் இல்லையேன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நம்பர் இல்லதான் ஐயா, அதே லயத்துலதான் இருக்காங்க, மலை சரியும்போது நம்பர் பாத்துக்கிட்டா சரியும்னு கேட்டேன். அவரு சீல எடுத்தாரு."

நல்லையா அண்ணன், "விஜயலெட்சுமியா அப்படிச் சொல்லுச்சு?" என்று மூன்று பேரிடம் கேட்டார்.

மழை விட்டது. பதுளைக்குப் போகும் பஸ் ஐந்தரைக்குத்தான். அக்கா திரும்பி வந்து, சீல் அடித்த பிரதியைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு மேல்பிரிவு லயங்களுக்குக் கிளம்பினார். அந்த எட்டு வீட்டுக்கும் சொல்ல வேண்டும் என்றார். "நானும் வாறேன்" என்று மிஸ் செருப்பை மாட்டினார். என் வீடும் அந்த வழிதான்.

லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு கருப்பாகத் தெரிந்தது, யாரோ கோடு கிழித்துவிட்டு அழிக்க மறந்ததுபோல. மிஸ் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா வீடு வீடாகப் போனார்.

தயானி வாசலில் குழந்தையோடு நின்றாள். மிஸ்ஸின் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஆபீஸ்ல இருந்து வாறீங்களா மிஸ்? எங்க பேரு உள்ள இருக்கா?"

மிஸ் அக்காவிடமிருந்து பையை வாங்கினார். நான்காவது தாளை எடுத்து, கூரைச் சொட்டில் நனையாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு, அறுபத்தொன்பது என்ற எண்ணுக்குக் கீழே விரலை வைத்தார். தயானி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு குனிந்து வாசித்தாள். அவளுடைய பெயர் இருந்தது. அதற்கு அடுத்த வரியில், பெயர் இன்னும் வைக்காததால், 'பெண் குழந்தை, இருபது நாள்' என்று இருந்தது.

"இது இவதான்" என்றாள் தயானி, தாளைத் தொடாமல்.